ஆறு, ஏழு, ஒன்பது

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பேசுவதை எழுதியும் தந்துவிடுங்கள், மலரில் போட வேண்டும் என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆகவே பேசுகிற மாதிரியே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பிறகு மலரை வாங்கி வீட்டில் வாசிக்கிறவர்கள் என் குரலையும் கூடச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியை மனத்துக்குக் கொண்டுவாருங்கள். தமிழில் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே மலாயில் அஹாட், இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ், ஜுமாட், சப்து என்று போட்டிருக்கும். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் ஒருநாள் என்னிடம் வந்தான். "சார், ஞாயிறுன்னா சூரியன், திங்கள்னா நிலா, செவ்வாய்னா வானத்துல இருக்கிற கோள். செலாசான்னா என்ன சார்?" என்று கேட்டான்.

"மூன்று" என்றேன்.

பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மூன்றுக்கு மலாயில் 'தீகா' என்பதுதான் அவனுக்குத் தெரியுமே! வாத்தியாருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். ஆனால் நான் சொன்னது சரிதான். செலாசா என்பது அரபு மொழியின் மூன்று. 'அஹது' என்றால் அரபியில் ஒன்று, அது அஹாட். 'இஸ்னைன்' என்றால் இரண்டு, அது இஸ்னின். 'ஸலாஸா' மூன்று, 'அர்பஆ' நான்கு, 'கம்ஸா' ஐந்து. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் வியாழன் ஐந்தாம் நாள், அதுதான் காமிஸ். ஆறாம் நாளுக்கு எண் இல்லை. எல்லாரும் தொழுகைக்குக் கூடுகிற நாள் என்பதால் கூட்டம் என்று பொருள்படும் ஜுமாட். ஏழாம் நாள் ஓய்வு நாள், சப்து.

நாம் வானத்தைப் பார்த்துக் கிழமைக்குப் பெயர் வைத்தோம். அரபியர் விரலை மடக்கிப் பெயர் வைத்தார்கள். நம் பிள்ளைகள் தினமும் அரபு மொழியில் ஒன்று முதல் ஐந்து வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், தெரியாமலேயே!

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1, 2, 3 என்று எழுதுகிறோமே, இவற்றை அரபு எண்கள் என்று உலகம் சொல்கிறது. அவை இந்தியாவில் பிறந்து, அரபு நாடு போய், அங்கிருந்து ஐரோப்பா போனவை. அரபியர்களே தங்கள் இலக்கங்களை 'இந்திய இலக்கங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கதை பலருக்கும் தெரியும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இலக்கத்தைப் பற்றி அல்ல, எண்ணுப்பெயரைப் பற்றி. தாளில் எழுதுகிற குறி எங்கே வேண்டுமானாலும் போகும். வாயால் சொல்கிற ஒன்று, இரண்டு, மூன்று இருக்கிறதே, அது லேசில் மாறாது. அம்மா மடியில் உட்காரவைத்து விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது அது. அப்படிப்பட்ட சொல் ஒரு மொழியை விட்டு இன்னொரு மொழிக்குள் போய் உட்காருகிறது என்றால், அங்கே என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மலாய் மொழியில் என்ன நடந்தது? கிழமைகளை அரபியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். எண்களைத் தொடவில்லை. சத்து, துவா, தீகா, எம்பாட், லீமா எல்லாம் அவர்கள் பாட்டன் சொத்து. கிழமை என்பது தொழுகையோடும் நோன்போடும் சேர்ந்தது, சமயத்தோடு வந்தது. கடைத்தெருவிலோ, மலாய்தான் இந்த நீரிணை முழுவதற்கும் வியாபார மொழியாக இருந்தது. அரபுக்காரரும், நம் ஊரிலிருந்து கப்பலேறிய செட்டிகளும் மரைக்காயர்களும், சீனரும் மலாயில்தான் பேரம் பேசினார்கள். பேரம் எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியின் எண் பிழைத்துக்கொள்ளும் என்பது என் எண்ணம்.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். சாட்சி கொஞ்சம் தூரத்தில் இருக்கிறார். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் மடகாஸ்கர் என்று ஒரு பெரிய தீவு. அந்த மக்கள் பேசும் மலகாசி மொழி ஆப்பிரிக்க மொழி அல்ல. மலாய்க்குச் சொந்தக்கார மொழி. அவர்களுடைய முன்னோர் போர்னியோப் பக்கத்திலிருந்து கடல் கடந்து போனவர்கள். நமக்குத் தெரிந்த மலாய் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டு, இங்கே துவா, அங்கே ரூவா. நான்கு, இங்கே எம்பாட், அங்கே எஃபாத்ர. ஆறு, இங்கே எனாம், அங்கே எனின. ஆயிரம், இங்கே ரிபு, அங்கே அரிவு. அந்த நாட்டின் தலைநகரம் அந்தனனரிவோ. 'ஆயிரவர் ஊர்' என்று பொருள். இந்த 'அரிவோ' நாம் கடையில் கேட்கிற 'செரிபு' என்பதில் வரும் ரிபுவின் அக்காள் தங்கை! சரி, கிழமைக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள்? அலாஹாடி, அலாட்சினைனி, தலாத்தா, அலாரூபியா, அலாகமிசி. அப்படியே அரபு. முஸ்லிம் வணிகர்கள் அந்தத் தீவுக்கும் போனார்கள், கிழமையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள், எண்ணைத் தொட முடியவில்லை. இரண்டு பங்காளிகளும் சொல்லிவைத்தாற்போல் ஒரே மாதிரி நடந்திருக்கிறார்கள்.

அந்த மடகாஸ்கருக்கு நேர் மேற்கிலும் வடமேற்கிலும் ஆப்பிரிக்கக் கரை இருக்கிறது. அங்கேதான் கதை மாறுகிறது. என் பேச்சின் தலைப்பும் அங்கிருந்துதான் வந்தது.

கென்யா, தான்சானியா நாடுகளின் கடலோரத்தில் பிறந்த மொழி சுவாஹிலி. 'சாஹில்' என்றால் அரபியில் கடற்கரை. 'சவாஹில்' என்றால் கடற்கரைகள். சுவாஹிலி என்றால் கரையோர மொழி. பேர் அரபுப் பேர். எலும்பும் சதையும் பாண்டு என்கிற ஆப்பிரிக்க மொழிக் குடும்பம். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் தெற்கே இறங்கும். காற்று திரும்பித் தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது வீடு திரும்பும். இடையில் சில மாதம் கரையிலேயே தங்க வேண்டும். தங்கினவர்கள் கல்யாணம் கட்டினார்கள், குடும்பம் ஆனார்கள். மொம்பாசா, கில்வா, லாமு, சான்சிபார் என்று ஊர்கள் பெருகின. தந்தமும் கண்டல் மரமும் பொன்னும் ஏற்றுமதி. துணியும் மணியும் பீங்கானும் இறக்குமதி. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா என்ற மொரோக்கோப் பயணி மொம்பாசாவையும் கில்வாவையும் பார்த்துவிட்டு எழுதி வைத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓமான் நாட்டு சுல்தான் மஸ்கட்டை விட்டுத் தம் இருப்பிடத்தையே சான்சிபாருக்கு மாற்றிக்கொண்டார். அந்தத் தீவில் கிராம்புத் தோட்டங்கள் எழுந்தன. தோட்டம் என்றால் யாருடைய முதுகு வளைந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே வளைந்தது அடிமைகளின் முதுகு.

இப்போது அந்த மொழியில் பத்து வரைக்கும் எண்ணலாம், வாருங்கள். மோஜா, ம்பிலி, தாத்து, ன்னே, தானோ. ஐந்தும் ஆப்பிரிக்கச் சொற்கள். அடுத்து ஆறு: சித்தா. அரபியில் 'ஸித்தா'. ஏழு: சபா. அரபியில் 'ஸப்ஆ'. எட்டு: நானே. அட, இது திரும்பவும் ஆப்பிரிக்கா! பிள்ளைகளுக்கு இது மறக்காது. எட்டு யார் என்று கேட்டால் "நானே" என்று சொல்லுங்கள். ஒன்பது: திசா. அரபியில் 'திஸ்ஆ'. பத்து: கூமி, அதுவும் ஆப்பிரிக்கா.

பத்து விரலில் மூன்று விரல் மட்டும் அரபு விரல். ஆறு, ஏழு, ஒன்பது.

அப்படியென்றால் அந்த மக்களுக்கு ஆறுக்கும் ஒன்பதுக்கும் பேரே இல்லாமல் இருந்ததா? கடன் வாங்கினவன் எல்லாம் பிச்சைக்காரன் என்று நினைப்பது நம் வழக்கம். இங்கே அது பொய். கரையை விட்டு உள்நாட்டுக்குப் போனால், கென்யா மலையைச் சுற்றிக் கிக்குயூ மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடையதும் பாண்டு மொழிதான். மூன்றுக்கு 'இதாத்து', ஆறுக்கு 'இதாதாத்து'. மூன்றை இரட்டித்தால் ஆறு! நான்குக்கு 'இன்யா', எட்டுக்கு 'இன்யான்யா'. நான்கை இரட்டித்தால் எட்டு! எவ்வளவு அழகான கணக்கு, பாருங்கள். ஒன்பதுக்கு 'கெண்டா' என்கிறார்கள். அந்தக் கெண்டா பழைய சுவாஹிலியிலும் இருந்தது, பழைய அகராதிகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. புதுமணத் தம்பதிகளின் முதல் ஏழு நாளுக்கு சுவாஹிலியில் 'ஃபுங்காத்தே' என்று ஒரு சொல் உண்டு. அதற்குள்ளே ஒளிந்திருப்பது பழைய ஆப்பிரிக்க ஏழு. கடைத்தெருவிலிருந்து துரத்தப்பட்ட ஏழு, கல்யாண வீட்டில் ஒண்டிக்கொண்டது!

ஆக, சொல் இருந்தது. இருந்தும் மாறியது. உள்நாட்டில் மாறவில்லை, கரையில் மாறியது. ஏனென்றால் கரையில்தான் மூட்டை எண்ணினார்கள், கப்பல் எண்ணினார்கள், கடன் எண்ணினார்கள்.

பத்துக்கு மேலே போனால் இன்னும் தெளிவு. இருபதிலிருந்து தொண்ணூறு வரை எல்லாமே அரபு: இஷிரினி, தெலாதினி, அரோபைனி, ஹம்சினி, சிதினி, சபினி, தெமானினி, திசினி. நூறு மியா, ஆயிரம் எல்ஃபு, இரண்டும் அரபு. இந்தப் பத்துகளின் வாலைக் கவனியுங்கள். அரபு இலக்கண நூலில் இருபது எழுவாயாக வரும்போது 'இஷ்ரூன்'. பேச்சில் எப்போதும் 'இஷ்ரீன்'. சுவாஹிலி எடுத்துக்கொண்டது பேச்சு வாலை. ஏட்டிலிருந்து இறங்கிய சொல்லாகத் தெரியவில்லை, சந்தையில் காதில் விழுந்த சொல்லாகத் தெரிகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே ஹௌசா மொழியிலும் இதே கதைதான். இருபது முதல் தொண்ணூறு வரை அரபு. ஒன்று முதல் ஐந்து வரை வீட்டுச் சொல். சஹாராவைத் தாண்டி ஒட்டகத்தில் போனாலும் சரி, கடலைத் தாண்டிக் கப்பலில் போனாலும் சரி, பெரிய எண்தான் முதலில் போகிறது. வீட்டில் என்ன எண்ணுகிறோம்? பிள்ளைகள் நாலு, ஆடு மூணு, கோழி எட்டு. அறுபதும் எழுபதும் வீட்டுக்கு எதற்கு?

நூறாயிரத்துக்கு சுவாஹிலியில் என்ன சொல் என்று நினைக்கிறீர்கள்? 'லக்கி'. நம்முடைய இலட்சம்தான்! அது அரபு வணிகர் கொடுத்தது அல்ல. அதே கரையில் கடை போட்டிருந்த இந்திய வணிகர் கொடுத்தது. இதே சொல் மலாய்க்கும் வந்தது. வரும் வழியில் பாவம், இளைத்துப் போய்விட்டது: பழைய மலாயில் 'லக்சா' என்றால் பத்தாயிரம்தான். இன்றைக்கு லக்சா என்றால் நம் பிள்ளைகளுக்குக் கோப்பை நிறைய மீன் குழம்பு ஊற்றின மீதான் ஞாபகம் வரும். அது வேறு கதை, பசி எடுத்துவிடும், விடுங்கள்.

நான் மிகவும் ரசித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்த சொற்களை அந்த மொழி எப்படி நடத்தியது என்பதுதான் அது. பாண்டு மொழிகளில் எண் தனியாக நிற்காது, எதை எண்ணுகிறோமோ அதற்கேற்ப முன்னால் சட்டை மாற்றிக்கொள்ளும். இரண்டு பிள்ளைகள், 'வாதோதோ வவிலி'. இரண்டு புத்தகங்கள், 'விதாபு விவிலி'. எட்டுப் பிள்ளைகள், 'வாதோதோ வனானே'. எட்டுப் புத்தகங்கள், 'விதாபு வினானே'. ஆனால் ஆறு என்று வந்தால் 'வாதோதோ சித்தா', 'விதாபு சித்தா'. சட்டையே மாற்றாது. ஏழும் அப்படி, ஒன்பதும் அப்படி. எத்தனை நூற்றாண்டு ஆனாலும் வந்த விருந்தாளி வந்த உடுப்பிலேயே நிற்கிறார். நம் தமிழில் பாருங்கள், ஆறு ஆளைச் சொன்னால் 'அறுவர்', ஏழு ஆளைச் சொன்னால் 'எழுவர்', எட்டு ஆளுக்கு 'எண்மர்'. நம் எண்கள் இன்னும் வீட்டுப் பிள்ளைகள்தான்.

விருந்தாளிகள் எல்லாரும் அப்படி முறுக்காக இல்லை. 'கிதாப்' என்பது அரபியில் புத்தகம். மலாயிலும் 'கிதாப்' உண்டு, தெரியும். சுவாஹிலிக்குப் போன கிதாப் 'கிதாபு' ஆனது. அந்த மொழியில் 'கி' என்று தொடங்கும் பெயர்ச்சொல் பன்மையில் 'வி' ஆகும். உடனே பிடித்துப் பன்மை போட்டுவிட்டார்கள், 'விதாபு' என்று! அரபியர் கேட்டால் சிரிப்பார். ஆனால் அந்த மொழிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

நம் நாடு சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டை சுவாஹிலியில் சொல்லிப் பார்ப்போம். 'எல்ஃபு மோஜா, மியா திசா, ஹம்சினி ந சபா'. எழு சொல். அதில் எல்ஃபு, மியா, திசா, ஹம்சினி, சபா என ஐந்து அரபு. மோஜாவும் 'ந' என்ற 'உம்' விகுதியும்தான் அவர்கள் வீட்டுச் சொத்து. ஐயோ, எல்லாம் போச்சே என்று தோன்றும். ஆனால் சொற்களை விட்டுவிட்டு அவை நிற்கிற வரிசையைப் பாருங்கள். அரபியர் 57ஐ 'ஏழும் ஐம்பதும்' என்று சிறியதை முன்னால் வைத்துச் சொல்வார். சுவாஹிலிக்காரர் 'ஐம்பதும் ஏழும்' என்று தம் வழக்கப்படி திருப்பிவிட்டார். 'ஆயிரம் ஒன்று, நூறு ஒன்பது' என்று எண்ணைப் பெயருக்குப் பின்னால் வைப்பதும் பாண்டு முறை. கல் வெளியூர்க் கல், கட்டினது உள்ளூர்க் கொத்தனார்.

கிழமை விஷயத்தில் மட்டும் கொத்தனாருக்கு ஒரு சறுக்கல்! சுவாஹிலியில் ஜுமா என்றால் வாரம். வெள்ளி தொழுகை முடிந்ததும் வாரம் புதிதாகத் தொடங்குகிறது. சனி, வாரம் ஒன்று, ஜுமாமோசி. ஞாயிறு, வாரம் இரண்டு, ஜுமாபிலி. திங்கள் ஜுமாதாத்து, செவ்வாய் ஜுமான்னே, புதன் ஜுமாதானோ. தானோ என்றால் ஐந்து. நாளைக்கு வியாழன், ஆறு என்றுதானே வர வேண்டும்? வரவில்லை. வியாழனுக்கு 'அல்ஹமிஸி'. நம் காமிஸ்தான் அது, அரபு ஐந்து! ஆப்பிரிக்க ஐந்து புதன்கிழமை, அரபு ஐந்து வியாழக்கிழமை. ஒரே வாரத்தில் இரண்டு ஐந்து, ஆறே இல்லை. கோடிக்கணக்கான மக்கள் இதை வைத்துக்கொண்டு எந்தக் குழப்பமும் இல்லாமல் சம்பளம் வாங்கி, பள்ளிக்கூடம் போய், வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். மொழி கணக்கு வாத்தியார் சொல்படி நடப்பதில்லை, பாருங்கள்!

தான்சானியாவில் இரண்டு அரசாங்க விடுமுறை நாள்கள் உண்டு. ஒன்று 'சபாசபா', ஏழு ஏழு, அதாவது ஜூலை 7. அந்த நாட்டு விடுதலைக்குப் போராடிய கட்சி 1954ஆம் ஆண்டு அன்றைக்குத்தான் தொடங்கப்பட்டது. அந்தச் சமயத்தில் ஒரு நகரத்தில் பெரிய வணிகப் பொருட்காட்சி நடக்கும். தாருஸ்ஸலாம் என்ற துறைமுகப் பட்டணம் அது. இன்னொன்று 'நானேநானே', எட்டு எட்டு, ஆகஸ்டு 8. அது உழவர் நாள். வணிகப் பொருட்காட்சிக்குக் கிடைத்தது அரபு எண், மண் வெட்டுகிறவனுக்குக் கிடைத்தது மண்ணின் எண். தற்செயல்தான். ஆனாலும் இதைப் படித்த அன்றைக்கு எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இதுவரை சொன்னது சுகமான கதை. இனிச் சொல்வது அவ்வளவு சுகமானது அல்ல.

வட ஆப்பிரிக்காவில் மொரோக்கோ, அல்ஜீரியா என்று நாடுகள். அங்கே அரபியர் வருவதற்கு முன்பே இருந்தவர்கள் பெர்பர் மக்கள். தங்களை அமாஸிக் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் பல வட்டாரங்களில் பல விதமாகப் பேசுகிறார்கள். மொரோக்கோவின் தெற்கே சூஸ் வட்டாரத்தில் பத்து வரை சொந்த எண் முழுதாக இருக்கிறது: யான், சின், க்ராட், குஸ், செம்முஸ் என்று போகும். சஹாராவில் ஒட்டகம் மேய்க்கும் துவாரெக் மக்களிடமும் முழுதாக இருக்கிறது. அல்ஜீரியாவின் மலைப்பகுதியில் கபீல் மக்களிடம் போனால், யிவென், சின். அவ்வளவுதான். ஒன்று, இரண்டு. மூன்றிலிருந்து 'த்லாத்தா', 'ரெப்ஆ', 'கெம்சா' என்று அரபு. மொரோக்கோவின் வடக்கே ரிஃப் மலையில் இன்னும் மோசம். ஒன்று மட்டும் சொந்தம். இரண்டே அரபு!

ஒன்றே ஒன்று மிஞ்சியது.

சுவாஹிலியும் கடன் வாங்கியது, இவர்களும் கடன் வாங்கினார்கள். என்ன வித்தியாசம்? சுவாஹிலிக்காரர் சொல்லை வாங்கிக்கொண்டு எண்ணும் வேலையைத் தம் மொழியிலேயே செய்தார். சந்தை சுவாஹிலியில், பள்ளிக்கூடம் சுவாஹிலியில், பாட்டு சுவாஹிலியில், பிறகு நாட்டின் அரசாங்கமே சுவாஹிலியில். கபீல் மக்களின் சந்தையில் அரபு எண். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்துப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக் கணக்கு. 1962இல் விடுதலை கிடைத்த பிறகு படிப்படியாக அரபுக் கணக்கு. அம்மா மொழியில் கணக்குப் போட ஓர் இடமே இல்லை. சொல்லைக் கடன் வாங்குவது ஒன்று, எண்ணுகிற வேலையையே அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது வேறொன்று.

அந்தக் கபீல் மலையில் 1994ஆம் ஆண்டு பள்ளி திறந்தபோது பிள்ளைகள் உள்ளே போகவில்லை. எங்கள் மொழியைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டார்கள். ஏறக்குறைய அந்தப் பள்ளி ஆண்டு முழுவதும் வகுப்பு நடக்கவில்லை. 'புத்தகப்பை வேலைநிறுத்தம்' என்றே அதற்குப் பெயர். தோட்டத்தில் வேலைநிறுத்தம் பார்த்த பெரியவர்களே, ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். படிப்பு போய்விடுமே என்று அந்தப் பெற்றோருக்கு எப்படி அடித்துக்கொண்டிருக்கும்! 1995இல் அந்த மொழி வகுப்புகளுக்குள் நுழைந்தது. 2011இல் மொரோக்கோவும் 2016இல் அல்ஜீரியாவும் தங்கள் அரசியல் சட்டத்தில் அதை ஆட்சிமொழி என்று எழுதின. வகுப்பு தொடங்கியதும் மூன்றுக்கு என்ன சொல்வது? தெற்கே சூஸிலும் பாலைவனத்திலும் உள்ள உறவினர் வாயிலிருந்து க்ராட், குஸ், செம்முஸ் என்று பாடப்புத்தகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பேரன் பள்ளியில் படித்து வந்து சொல்கிற 'மூன்று' தாத்தாவுக்குப் புரியாது. தாத்தா சொல்கிற 'மூன்று' பேரனின் புத்தகத்தில் இருக்காது.

நம் வீட்டுக்கு வருவோம். கூட்டத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள் என்றால் எந்த மொழியில் சொல்வீர்கள்? இங்கே வருவதற்கு முன் நாலைந்து பேரைக் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் ஆங்கிலத்தில் சொன்னார்கள். கடையில் என்ன விலை என்றேன். மலாயில் சொன்னார்கள். வயது என்ன என்றேன். "எட்டு" என்றான் ஒருவன். ஒருவனாவது சொன்னானே என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். 2003ஆம் ஆண்டு முதல் சில காலம் நம் பள்ளிகளிலும் கணக்கை ஆங்கிலத்தில் நடத்தினார்கள். 2012 முதல் அது படிப்படியாகத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் படித்த பிள்ளைகள் இன்று பெரியவர்கள், பலர் இங்கே பெற்றோராக உட்கார்ந்திருக்கலாம். அவர்களிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் 'ஐம்பத்தாறு' என்ற சொல் உடனே வருகிறதா, இல்லை உள்ளுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு ஓடிவிட்டு வருகிறதா? குறை சொல்லக் கேட்கவில்லை. எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. மூன்று மொழியிலும் எண்ணத் தெரிவது கெட்டிக்காரத்தனம். பால் எடை போடும்போது ஒரு மொழியிலும், சம்பளம் எண்ணும்போது ஒரு மொழியிலும், வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது "ஒரு வாய், ரெண்டு வாய், மூணாவது வாய்" என்று வேறொரு மொழியிலும் எண்ணின ஆட்கள்தானே நாம்? அந்த மூணாவது வாய் இருக்கும் வரைக்கும் ரிஃப் மலை நமக்குத் தூரம்தான்.

கடைசியாக ஒரு சொல், அது எல்லார் வாயிலும் நுழைந்த சொல். அரபியில் 'ஸிஃப்ர்' என்றால் வெறுமை, ஒன்றும் இல்லாதது. இந்தியக் கணிதர்கள் 'சூன்யம்' என்றார்கள். அரபியர் அதன் பொருளை எடுத்துத் தம் சொல்லால் 'ஸிஃப்ர்' என்றார்கள். 1202ஆம் ஆண்டு இத்தாலியில் ஃபிபனாச்சி என்பவர் எழுதிய கணக்கு நூலில் அது லத்தீன் வேடம் போட்டு வந்தது. இத்தாலியர் வாயில் தேய்ந்து தேய்ந்து 'சீரோ' ஆனது. அதே அரபுச் சொல் வேறு வழியாகப் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்குப் போய் 'சைபர்' ஆனது. ஆங்கிலேயர் இந்தியாவில் பள்ளிக்கூடம் திறந்தபோது சைபர் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. "பரீட்சையில் சைபர் வாங்கிட்டான்" என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அது அரபுச் சொல்! சூன்யமாய் இந்தியாவை விட்டுப் போன கருத்து, பாக்தாதையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டு, சைபராய்ப் பாட்டி வாய்க்கு வந்து சேர்ந்தது.

சுவாஹிலியில் அது 'சிஃபுரி'. நம் நாட்டு மலாயில் 'சிஃபார்' என்றால் பூஜ்யம். பிள்ளைகளுக்குத் தெரிந்த 'சிஃபிர்' என்ன? வாய்ப்பாடு! அதுவும் அதே அரபுச் சொல்தான். ஒன்றுமில்லாதது என்று பொருள்பட்ட சொல்லுக்குள் பன்னிரண்டு வாய்ப்பாட்டையும் அடைத்து வைத்துவிட்டார்கள். கணக்கில் இன்று முதல் பரிசு வாங்கும் பிள்ளைகள் இதை ஒரு தரம் யோசித்துப் பாருங்கள்.

மலாய்க்காரரிடம் பூஜ்யத்துக்கு இன்னொரு சொல்லும் உண்டு, அது சொந்தச் சொல்: 'கோசோங்'. வெறுமை என்றுதான் அதற்கும் அர்த்தம். சூன்யம், ஸிஃப்ர், கோசோங், மூன்று மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

பரிசுகள் மேசையில் காத்திருக்கின்றன, பிள்ளைகள் காலாட்டத் தொடங்கிவிட்டார்கள். பின்பக்கம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் தாய்மார்கள் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப்போல் இனிப்பு நீர் உள்ளவர்கள் அவர்களிடம் 'கோசோங்' என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.